ஹேக்லரா, லெனார்டா? 1987-ல் தீராத கணக்கு

"1987-ல் லெனார்ட் ஹேக்லரை ஜெயித்துவிட்டார். அப்புறமும் ஏன் ஹேக்லரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்? இரண்டு பேரில் உண்மையில் யார் உசத்தி?" குத்துச்சண்டை வீரர்கள் சுகர் ரே லெனார்ட், மார்வின் ஹேக்லர் பற்றி எழும் கேள்வி இதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி லெனார்ட்தான் ஜெயித்தார், மயிரிழையில். யார் யாரை வீழ்த்தினார்கள் என்று பட்டியல் போட்டாலும் லெனார்டின் பட்டியலே கனமானது. ஆனால் சாம்பியன் பட்டம் என்பது ஒரு உத்தியோகம் என்று வைத்துக்கொண்டால், அந்த வேலையை நாள் தவறாமல் பார்த்தவர் ஹேக்லர். லெனார்ட் பட்டங்களை வென்றார். ஹேக்லர் பட்டத்தை ஆறரை வருடம் சுமந்தார். இந்த இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் சண்டை ஓயவில்லை.

1979 நவம்பர் 30-லிருந்து தொடங்கலாம். லாஸ் வேகஸில் சீசர்ஸ் பேலஸ். ஒரே மேடையில், ஒரே இரவில் இருவருக்கும் முதல் உலகப் பட்ட வாய்ப்பு. மார்வின் ஹேக்லர், மிடில்வெயிட் என்ற எடைப் பிரிவின் சாம்பியன் வீட்டோ அன்டுவஃபெர்மோவுடன் 15 ரவுண்டு ஆடினார். ஜெயித்துவிட்டதாகவே அவர் நினைத்தார், பார்த்தவர்களில் நிறையப் பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். தீர்ப்பு டிரா என்று வந்தது. டிரா என்றால் பட்டம் பழைய சாம்பியனிடமே இருக்கும். அதற்குப் பிறகு அன்றைய முக்கியச் சண்டை. சுகர் ரே லெனார்ட், அதுவரை தோல்வியே காணாத வில்ஃபிரெட் பெனிடெஸை 15-வது ரவுண்டில், மணி அடிக்க 6 விநாடி இருக்கும்போது நிறுத்தி, மிடில்வெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவான வெல்டர்வெயிட்டின் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சம்பளத்தைப் பாருங்கள். லெனார்டுக்கு 10 லட்சம் டாலர், ஹேக்லருக்கு 40 ஆயிரம். லெனார்டுக்கு அது 26-வது தொழில்முறைச் சண்டை, ஹேக்லருக்கு 50-வது. இன்னொரு விஷயம்: 1977-ல் பால்டிமோரில் லெனார்ட் தன் வாழ்க்கையின் முதல் தொழில்முறைச் சண்டைக்கே ஏறக்குறைய 40 ஆயிரம் டாலர் வாங்கியிருந்தார். ஒருவர் தொடங்கிய கூலிக்கு இன்னொருவர் 50-வது சண்டையில்தான் வந்து சேர்ந்தார். ஹேக்லரின் மனதில் லெனார்ட் எப்படிப் பதிந்திருப்பார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஹேக்லர் நியூவர்க்கில் பிறந்தவர். 1967-ல் அந்த ஊரில் பெரிய கலவரம் நடந்தது. பிறகு அவருடைய அம்மா குடும்பத்தோடு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டனுக்குக் குடிபெயர்ந்தார். அது பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவின் ஊர். அங்கே பெட்ரோனெல்லி சகோதரர்கள் (Goody, Pat) பயிற்சிக்கூடம் நடத்தினார்கள். அவர்களுக்குக் கட்டட வேலைத் தொழிலும் இருந்தது. பகலில் அவர்களிடம் கட்டட வேலை, சாயங்காலம் குத்துச்சண்டை. கடைசிச் சண்டை வரை அவர் அந்தச் சகோதரர்களை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் பெயர் வந்ததும் மேனேஜரை மாற்றுவது வாடிக்கையாக இருக்கும் தொழிலில் இது அபூர்வம்.

அவருடைய பிரச்சினை, யாரும் அவரோடு மோத வராததுதான். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃபிரேசியர் அவரிடம் ஒருமுறை சொன்னாராம்: நீ கறுப்பன், இடக்கைக்காரன், போதாக்குறைக்குத் திறமைசாலி, மூன்றும் உனக்கு எதிரி என்று. 1976-ல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் பாபி வாட்ஸிடமும் வில்லி மன்ரோவிடமும் பாயிண்டில் தோற்றார். வாட்ஸ் சண்டையில் தீர்ப்பு தப்பு என்று இன்றும் பேசுகிறார்கள், மன்ரோவிடம் தோற்றது நியாயமான தோல்வி. இருவரையும் பிறகு தேடிப்பிடித்து நாக் அவுட் செய்தார். அவருக்குப் பட்ட வாய்ப்பு கிடைக்க டிப் ஓநீல், டெட் கென்னடி மாதிரியான மாசசூசெட்ஸ் அரசியல்வாதிகள் வரை போய்க் குரல் கொடுக்க வைக்க வேண்டியிருந்தது. 1980 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் ஆலன் மின்டரின் முகத்தை மூன்றே ரவுண்டில் கிழித்துப் பட்டத்தை வென்றார். வென்றதும் கூட்டத்திலிருந்து பாட்டில்கள் பறந்தன. அவருடைய ஆட்கள் மேலே கவிழ்ந்து மறைத்துக்கொண்டு, போலீஸ் துணையோடு உள்ளே ஓட்டிப் போனார்கள். மேடையில் நின்று பெல்ட்டைத் தூக்கிக் காட்டும் அந்த ஒரு நிமிடம்கூட அவருக்கு வாய்க்கவில்லை.

லெனார்டின் பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம், அழகான சிரிப்பு, குளிர்பான விளம்பரம், மேடை மூலையில் நின்று வழிநடத்த முகமது அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி. இதைப் பார்த்துவிட்டு "டிவி உருவாக்கிய ஆள்" என்று அவரைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஹேக்லர் ரசிகர்கள் செய்யும் பெரிய தப்பு அது. 1979 கடைசியிலிருந்து 1981 செப்டம்பர் வரை, இரண்டு வருடத்துக்கும் குறைவான காலத்தில் லெனார்ட் வீழ்த்தியவர்களைப் பாருங்கள்: பெனிடெஸ், ராபர்டோ டுரான், தாமஸ் ஹெர்ன்ஸ். லெனார்டிடம் வரும்வரை பெனிடெஸும் ஹெர்ன்ஸும் தோற்றதே இல்லை. டுரான் 72 சண்டையில் ஒரே ஒரு தோல்வி கண்டவர்.

டுரானோடு முதல் சண்டையில், 1980 ஜூனில், மான்ட்ரியலில் லெனார்ட் தோற்றார். டுரான் வாய்க்கு வந்தபடி ஏசி அவரைச் சீண்டியிருந்தார். ரோஷத்தில் லெனார்டும் காலை ஊன்றி நின்று டுரானின் சண்டையை ஆடினார். ஐந்தே மாதத்தில் நியூ ஆர்லியன்ஸில் மறுபடியும் மோதினார்கள். இந்தத் தடவை ரோஷம் இல்லை, ஓட்டமும் கேலியும்தான். எட்டாவது ரவுண்டில் டுரான் கையை வீசிவிட்டுத் திரும்பி நடந்தார். "நோ மாஸ்", போதும் என்று அவர் சொன்னதாக உலகமே சொல்கிறது, அவர் மட்டும், தான் அப்படிச் சொல்லவில்லை என்கிறார். ஹெர்ன்ஸோடு நடந்த சண்டைதான் என்னைக் கேட்டால் லெனார்டின் உச்சம். பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களிடமும் பின்னடைவு, இடது கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. "கெடுத்துக்கொண்டிருக்கிறாய் மகனே" என்று டண்டி மூலையில் திட்டினார். 13-ல் ஹெர்ன்ஸைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார், 14-ல் சண்டையை முடித்தார். சிரித்த முகத்துக்குப் பின்னால் எப்படிப்பட்ட கல் இருந்தது என்று அன்று தெரிந்தது.

இந்த மூன்று வெற்றிகளுக்கு இணையான மூன்றை ஹேக்லரின் கணக்கில் காட்ட முடியாது. டுரானையும் ஹெர்ன்ஸையும் ஹேக்லரும் ஜெயித்தார். ஆனால் அவர்கள் இருவரும் கீழ் எடையிலிருந்து ஏறி வந்தவர்கள். லெனார்ட் அவர்களை அவர்களுடைய சொந்த எடைக்குப் பக்கத்தில் சந்தித்தார். இது சின்ன வித்தியாசம் இல்லை.

சரி, ஹேக்லரிடம் என்ன இருந்தது? 12 முறை பட்டத்தைக் காத்தார், அதில் 11 முறை எதிராளி கடைசி மணி கேட்கவில்லை. ஹம்ஷோ, சிப்சன், ரோல்டான், முகாபி என்று அந்தக் காலத்தில் மிடில்வெயிட்டில் வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் வரவழைத்தார். யாரையும் ஒதுக்கவில்லை, காக்க வைக்கவில்லை. கேப் காட் முனையில் பிராவின்ஸ்டவுன் என்ற ஊரில், சீசன் முடிந்து வெறிச்சோடிய கடற்கரையில், குளிரில் தனியாக ஓடிப் பயிற்சி எடுப்பார், அதைச் சிறை என்பார். டிவி அறிவிப்பாளர் "மார்வலஸ்" என்ற அடைமொழியைச் சொல்ல மறுத்தார் என்று 1982-ல் கோர்ட்டுக்குப் போய்ப் பெயரையே சட்டப்படி மார்வலஸ் மார்வின் ஹேக்லர் என்று மாற்றிக்கொண்டார். சிரிப்பு வரும், ஆனால் அதில் ஒரு வலியும் இருக்கிறது. ஊர் தானாகக் கொடுக்காததை எழுதி வாங்கிக்கொண்ட மனிதர்.

1985 ஏப்ரல் 15, ஹெர்ன்ஸ் சண்டை. குத்துச்சண்டையே பார்க்காதவருக்கு ஒரே ஒரு சண்டை காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். மொத்தமே எட்டு நிமிடம். முதல் ரவுண்டிலேயே ஹெர்ன்ஸின் வலது கை உடைந்தது, ஹேக்லரின் நெற்றி கிழிந்தது. மூன்றாவது ரவுண்டில் ரத்தம் வழிவதைப் பார்த்து நடுவர் டாக்டரைக் கூப்பிட்டார். கண் தெரிகிறதா என்று கேட்டதற்கு, "நான் அவனைத் தவறவிடுகிறேனா என்ன?" என்றார் ஹேக்லர். சண்டையைக் காயத்துக்காக நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவரை இன்னும் வேகமாக்கியது. கொஞ்ச நேரத்தில் ஹெர்ன்ஸ் கீழே கிடந்தார்.

ஆனால் அவருடைய கட்டுமானத்தில் ஒரு விரிசலும் இருந்தது. 1983-ல் டுரான், மிடில்வெயிட்டுக்கு உடம்பு பத்தாத டுரான், அவரை முழு 15 ரவுண்டு இழுத்துக்கொண்டு போனார். கடைசி இரண்டு ரவுண்டை எடுத்துத்தான் ஹேக்லர் பட்டத்தைக் காப்பாற்றினார். முன்னேறி வருபவனைப் பிய்த்துப் போடும் ஹேக்லர், பின்வாங்கிக் காத்திருந்து அடிப்பவனிடம் தயங்கினார், யோசித்தார். அந்தச் சண்டையை மேடையோரம் இருந்து பார்த்தவர்களில் லெனார்டும் ஒருவர். நீ இவனை ஜெயிப்பாய் என்று சண்டை முடிந்ததும் டுரானே தன்னிடம் சொன்னதாக லெனார்ட் பிறகு சொல்லியிருக்கிறார்.

லெனார்டுக்கு 1982-ல் இடது கண்ணில் விழித்திரை விலகி அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அந்த வருடம் நவம்பரில் பால்டிமோரில் பெரிய விழா எடுத்தார். ஹேக்லரையும் அழைத்து, கோட் சூட்டில் உட்கார வைத்து, ஹேக்லரோடு மோதுவது எப்பேர்ப்பட்ட சண்டையாக இருக்கும் என்று மேடையில் ஆசை காட்டி, கடைசியில் அது ஒருபோதும் நடக்காது என்று ஓய்வை அறிவித்தார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இலை போடாமல் அனுப்பிய மாதிரி. 1984-ல் கெவின் ஹோவர்டோடு ஒரு சண்டை ஆடி, அதில் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழே விழுந்து, மறுபடியும் ஓய்வு. அப்புறம் 1986 மார்ச்சில் ஹேக்லர் முகாபியோடு 11 ரவுண்டு அடி வாங்கிக் கொடுப்பதைப் பார்த்தார். ஹேக்லரின் கால் மெதுவாகிவிட்டது என்று அவர் கண்ணில் பட்டது. திரும்பி வருகிறேன் என்றார். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் ஒரே ஒரு சண்டை ஆடியவர், மிடில்வெயிட்டில் ஒரு சண்டைகூட ஆடாதவர். பைத்தியக்காரத்தனம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

இங்கேதான் பலரும் கவனிக்காத முதல் சண்டை நடந்தது: ஒப்பந்த மேஜையில். ஹேக்லருக்குப் பணம் அதிகம், குறைந்தபட்சம் 1 கோடியே 20 லட்சம் டாலர். லெனார்டுக்கு 1 கோடியே 10 லட்சம். அந்த விட்டுக்கொடுத்தலுக்குப் பதிலாக லெனார்டின் வக்கீல் மைக் டிரெய்னர் கேட்டு வாங்கியவை: 12 ரவுண்டு, பெரிய மேடை, கனமான 10 அவுன்ஸ் கிளவுஸ். மூன்றுமே ஓடுகிறவனுக்கு உதவுபவை. 12 ரவுண்டு என்பதை மட்டும் பெரிய சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன், 15-லிருந்து 12-க்கு எல்லோரும் மாறிக்கொண்டிருந்த காலம்தான் அது, ஹெர்ன்ஸ் சண்டையும் 12 ரவுண்டுக்குத்தான் திட்டமிடப்பட்டது. ஆனாலும் மூன்றும் சேர்ந்தபோது கணக்கு மாறியது. பத்தாண்டுகளாகச் சம்பளத்தில் பின்தங்கியவருக்கு அதிகத் தொகை என்பது மரியாதைப் பிரச்சினை. அதைத் தெரிந்துகொண்டே தொகையைக் கொடுத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்கள்.

1987 ஏப்ரல் 6. நான் இந்தச் சண்டையை ஒலியை நிறுத்திவிட்டு மூன்று தடவை பேப்பரில் மார்க் போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை லெனார்டுக்கு 115-113, ஒரு தடவை 114-114. ஒலியை நிறுத்துவது முக்கியம், ஏனென்றால் லெனார்ட் எதைச் செய்தாலும் கூட்டம் கத்துகிறது.

ஹேக்லர் செய்த தப்பு முதல் நிமிடத்திலேயே தெரியும். இயல்பில் இடக்கைக்காரர், இரண்டு பக்கமும் மாறி ஆடத் தெரிந்தவர், அன்று வலக்கைக்காரர் நிலையில் தொடங்கினார். எனக்கும் நளினமாக ஆடத் தெரியும் என்று நிரூபிக்கிற ஆசையாக இருக்கலாம். மான்ட்ரியலில் லெனார்ட் செய்த அதே தப்பு, எதிராளியின் சண்டையை ஆடுவது. முதல் நான்கு ரவுண்டில் பெரும்பகுதி அப்படியே போயிற்று. ஐந்தாவதில் இடக்கைக்கு மாறி ஓர் அப்பர்கட் விட்டபோது லெனார்டின் கால் ஆடியது. ஒன்பதாவது ரவுண்டில் இருவரும் மூலையில் நின்று மாறி மாறிக் குத்திக்கொண்டது அந்த இரவின் சிறந்த மூன்று நிமிடம்.

லெனார்டின் தந்திரம் எளிமையானது. ரவுண்டு முடிய 30 விநாடி என்று மூலையிலிருந்து குரல் வரும். உடனே ஒரு சரம் குத்து, வேகமாக, பார்வைக்கு அழகாக. பலம் அதிகம் இல்லை. நடுவரின் பேனா எழுதப்போகும் நேரத்தில் கண்ணில் கடைசியாக நிற்பது அதுதான். ஏமாற்று என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணிப் பார்த்த கணக்கு இது: லெனார்ட் 629 குத்து விட்டு 306-ஐ இறக்கினார், ஹேக்லர் 792 விட்டு 291. துரத்தியவர் குறைவாகவும், ஓடியவர் அதிகமாகவும் அடித்திருக்கிறார். ஆனால் ஹேக்லரின் குத்துகள்தான் கனமானவை, அதனால் எதிர்த் தரப்பு வாதத்தையும் நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன்.

நடுவர்களில் லூ ஃபிலிப்போ ஹேக்லருக்கு 115-113 போட்டார், டேவ் மொரெட்டி லெனார்டுக்கு 115-113. மூன்றாமவர் மெக்சிகோவின் ஜோ ஜோ கெர்ரா, லெனார்டுக்கு 118-110. பன்னிரண்டில் பத்து ரவுண்டு லெனார்டுக்கு! எந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் அந்த எண் வராது. கொடுமை என்னவென்றால், முதலில் அந்த நாற்காலிக்குப் பேசப்பட்டவர் இங்கிலாந்தின் ஹாரி கிப்ஸ். அவர் வேண்டாம் என்று மறுத்தது ஹேக்லர் தரப்புதான். கிப்ஸ் வீட்டில் டிவியில் பார்த்துவிட்டு, தான் ஹேக்லருக்கே கொடுத்திருப்பேன் என்று பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு இருவரும் போன வழியைப் பார்த்தால்தான் யார் உசத்தி என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஹேக்லர் மறு சண்டை கேட்டார். லெனார்ட் ஓய்வு என்றார். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு 1988 ஜூனில் ஹேக்லரும் ஓய்வை அறிவித்தார். 62 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா. அவர் போன சில மாதத்தில் லெனார்ட் திரும்ப வந்தார்! டோனி லலோண்டை வீழ்த்தி ஒரே ராத்திரியில் இரண்டு எடைப் பிரிவுகளின் பட்டம். லைட் ஹெவிவெயிட் சாம்பியனை 168 பவுண்டுக்கு இறங்கி வரச் செய்து நடத்திய சண்டை அது, "ஐந்து எடைப் பிரிவில் சாம்பியன்" என்ற பெருமையில் அந்த இரண்டை நான் பாதி விலைக்குத்தான் எடுப்பேன். 1989-ல் ஹெர்ன்ஸோடு மறு சண்டையில் இரண்டு தடவை கீழே விழுந்தும் டிரா கொடுத்தார்கள். ஹெர்ன்ஸ்தான் ஜெயித்தார் என்று லெனார்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1991-ல் டெரி நாரிஸ் அவரை 12 ரவுண்டும் அடித்து நொறுக்கினார்.

லெனார்டால் வந்த இன்னொரு மாற்றம் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அலிக்குப் பிறகு பெரும் பணம் ஹெவிவெயிட்டுக்கு வெளியேயும் வந்தது இவரால்தான். நிரந்தர புரமோட்டருக்குத் தன்னை எழுதிக் கொடுக்காமல், ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு சண்டைக்குச் சண்டை பேரம் பேசினார். ஆஸ்கார் டெ லா ஹோயாவும் ஃபிளாய்ட் மேவெதரும் பிறகு தங்கள் சண்டைகளுக்குத் தாங்களே முதலாளி ஆன பாதை அங்கிருந்து வருகிறது. இதை நல்லது என்பதா கெட்டது என்பதா தெரியவில்லை. தகுந்த எதிராளியைத் தகுந்த நேரம் வரை காக்க வைக்கும் கலையும் அதே பாதையில்தான் வந்தது.

ஹேக்லர் அடுத்த தலைமுறைக்கு அளவுகோல் ஆனார். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 20 முறை மிடில்வெயிட் பட்டத்தைக் காத்தபோதும், "ஹேக்லரோடு மோதியிருந்தால்?" என்றுதான் கேட்டார்கள். லெனார்டைப் பற்றி இந்த மாதிரிக் கேள்வி வருவது குறைவு. அவரைப் பற்றிப் பேசினால் ராத்திரிகள் ஞாபகத்துக்கு வருகின்றன, ஹேக்லரைப் பற்றிப் பேசினால் வருடங்கள்.

கடைசியில் 1990-ல் மறு சண்டைக்கான பேச்சு ஹேக்லரைத் தேடி வந்தது. அவர் அப்போது இத்தாலியில் இருந்தார், சினிமாவில் நடித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றுவிட்டார். லெனார்ட் 1997 மார்ச்சில் 40 வயதில் இன்னொரு தடவை மேடை ஏறினார், ஹெக்டர் கமாச்சோ ஐந்தாவது ரவுண்டில் அவரை முடித்தார். ஹேக்லர் 2021 மார்ச்சில், 66 வயதில் காலமானார். லெனார்டோடு ஆடிய அந்தப் பன்னிரண்டாவது ரவுண்டுக்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடச் சண்டைக்காக கிளவுஸ் மாட்டவில்லை.